சாவு கானாவை விட்டுடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இனிமேல் சாவு வீட்டுக்குப் பாடப் போக மாட்டேன், மேடையும் யூடியூப்பும் போதும் என்று நீ முடிவெடுத்ததாக அம்மா சொன்னாங்க. மேடை உனக்கு வேணும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சாவு கானாவை அசிங்கம் என்று நினைத்து விடுகிறாய் என்றால், பேசியே ஆகணும்.

வட சென்னையில் நம்ம வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் வந்தவர்கள் யார்? செங்கல்பட்டு, வட ஆற்காட்டுப் பக்கம் நிலமில்லாமல் கிளம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் பின்னி மில்லில் உழைக்கவும் வந்த சனங்கள். பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் செத்தால் எந்தப் பத்திரிகை இரங்கல் எழுதியது? கானாக்காரர்தான் பாடினார்.

பந்தலுக்கு வந்ததும் அவர் முதலில் பாட மாட்டார். வீட்டாரைக் கூப்பிட்டு, செத்தவர் பேர் என்ன, என்ன வேலை பார்த்தார், யார் மேல் உயிரா இருந்தார் என்று கேட்டுக்கொள்வார். டோலக் சூடு பிடிப்பதற்குள் அத்தனையும் எதுகையோடு பாட்டில் வந்து விழும். எழுதிப் பார்க்க நேரமே கிடையாது. செல்லப் பேரனின் பேர் வரும்போது, அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த ஆயாவும் உடைந்து அழும். மேடையில் நீ சட்டென்று வரி கட்டுகிறாயே, அந்தக் கை அங்கே பழகியதுதான்.

தொண்ணூறுகளில் தேவா சினிமாவில் கானாவைப் பரப்பினார். தமிழ்நாடே ஆடியது, சந்தோஷம். ஆனால் சினிமா அதிகமாக எடுத்துக்கொண்டது தாளத்தையும் காதல் தோல்வியையும்தான். மில் 1996-ல் மூடியபோது வேலை போனவர்களின் கதை அதில் எங்கே?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவினர் கோட்டு சூட்டோடு மேடையேறி, ராப்பையும் ராக்கையும் கானாவோடு சேர்த்து சாதியைக் கேள்வி கேட்டார்கள். ஆண்களே நிறைந்திருந்த கானாவில் அந்தக் குழுவின் இசைவாணி பாடினார். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேரும் வந்தது. அவங்க யாரும் கானாவுக்காகக் கூச்சப்படவில்லை.

குடித்துவிட்டு மைக்கைப் பிடுங்குகிறார்கள், பேசிய காசைத் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதெல்லாம் நிஜம். சரி, முன்பணம் வாங்கிக்கொண்டு போ. மரியாதை இல்லாத வீட்டிலிருந்து எழுந்து வந்துவிடு. பாட்டு என்ன தப்பு செய்தது?

பொங்கலுக்கு வருகிறேன். நம்ம ஏரியாவில் இன்னும் இருக்கிற பழைய கானாக்காரர்களைப் போய்ப் பார்ப்போம். அவர்கள் பாட்டு பல இன்னும் எங்கேயும் பதிவாகவில்லை. அவர்கள் சம்மதித்தால், உன் யூடியூப்பில் அதையே முதலில் போடு.

அன்புடன்,
அண்ணன்