சாவி என்னிடம்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி முன் நின்று புஜத்தைப் படம் பிடித்துக்கொள்ளவும், டப்பா டப்பாவாகப் புரோட்டீன் மாவு விற்கவும்தான் அவை இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். அப்படியும் சில உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் வேலூர் சத்துவாச்சாரியில் தையற்கடை வைத்திருப்பவன். இருபது வருடமாக இங்குள்ள ஒரு பளுதூக்கும் ஜிம்முக்குப் போய் வருகிறேன். நான் கண்டதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

எங்கள் ஊர்ப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ எடைப் பிரிவில் இரண்டு முறை காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். 2014இல் கிளாஸ்கோவில் இரண்டு வகைத் தூக்கலையும் சேர்த்து 328 கிலோ. 2018இல் கோல்டு கோஸ்ட்டில், தொடைக் காயம் முழுதாக ஆறாத நிலையிலும் 317 கிலோ. அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர்தான். ஆனால் எங்கள் ஜிம்முக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பதக்கத்தின் பக்கமே போகாதவர்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர், கல்லூரிப் பிள்ளைகள். மாதம் 300 ரூபாய் கட்டணம். முடியாதவரிடம் அதையும் கேட்பதில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் என் மனைவி இறந்துபோனார். ஊரடங்கு நேரம், கட்டிப்பிடித்து அழக்கூட ஆள் இல்லை. பள்ளிச் சீருடை தைக்கும் இரண்டு மாதம்தான் எனக்கு வருடச் சாப்பாடு. அது அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது. வீட்டில் நானும் பத்தாவது படிக்கும் மகளும் மட்டும். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சிப்பம் அரிசி, பக்கத்தில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நிறைந்த துணிப்பை. தெருமுனையில் முகக்கவசத்தோடு ஜிம் ஆட்கள் நான்கு பேர். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தம்பி கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். அந்தப் பை வாரம் இரண்டு முறை வந்துகொண்டே இருந்தது. என் கடை வாடகையை நான்கு மாதம் யார் கட்டினார்கள் என்று இன்றுவரை எவரும் வாய் திறக்கவில்லை.

ஜூலையில் ஜிம் திறக்க அரசு அனுமதித்தது. நான் போகவில்லை. விடிந்த பிறகும் பாயிலேயே கிடப்பேன். ஒரு மாலை, ஜிம்மில் எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஜிம் சாவியை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தார். "முட்டிவலி, தம்பி. விடியற்காலையில் வர முடியவில்லை. நாளையிலிருந்து ஐந்து மணிக்கு நீதான் திறக்க வேண்டும். பிள்ளைகள் வெளியே நிற்பார்கள்" என்றார், போய்விட்டார்.

பித்தளைச் சாவி. பழைய இடுப்புப் பெல்ட்டிலிருந்து வெட்டிய தோல் வாரில் கோத்திருந்தது. பலர் கை வியர்வை பட்டு வார் கறுத்திருந்தது. தையல் ஓட்டைகளில் மட்டும், பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சாக் பொடி வெள்ளையாகப் படிந்திருந்தது. நேரம் தவறிவிடுமோ என்று அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. நாலே முக்காலுக்கே போனேன். ஆறு பேர் காத்திருந்தார்கள். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. "அண்ணே, ஷட்டர் கொஞ்சம் இறுகியிருக்கும், சேர்ந்து தூக்குவோம்" என்றான் ஒருவன். ஒரு காலத்தில் 80 கிலோ தூக்கிய நான் அன்று 20 கிலோ வெறுங்கம்பியோடு நின்றேன். மாஸ்டருக்கு உண்மையிலேயே முட்டிவலியா என்று நான் கேட்டதே இல்லை.

போட்டி மேடையில் தூக்குபவர் ஒருவர்தான். கம்பியின் இரண்டு பக்கமும் தட்டு மாட்டிவிட்டு விலகி நிற்கும் ஆட்களை லோடர் என்போம். கைதட்டல் அவர்களுக்குக் கிடையாது. எனக்கு அந்த மாதங்களில் ஜிம் ஆட்கள் அப்படித்தான் நின்றார்கள். என் பங்குக்கு இப்போது பிள்ளைகளுக்கு மணிக்கட்டுப் பட்டையும் முட்டிப் பட்டையும் தைத்துக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது: பெயர், இரத்த வகை, கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டுமே, அதற்காக. வங்காளத்திலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வரும் ஊர் வேலூர். மொழி தெரியாமல் தவித்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நோட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள் எங்கள் பிள்ளைகள்.

இப்போது அந்தக் கட்டடத்தை உரிமையாளர் விற்கப் போகிறார். அவர் மேல் குறையில்லை. இத்தனை வருடம் குறைந்த வாடகைக்கு விட்டவர். ஆனால் வேறு இடங்களில் கேட்கும் வாடகையை 300 ரூபாய்க் கட்டணத்தில் கட்ட முடியாது. தங்கம் வாங்கிய சதீஷுக்கு அரசு 50 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். இப்போது நாங்கள் கேட்பது பணமல்ல. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டரில் இரண்டு மரமேடை பதிக்க, உறுதியான தரையுள்ள ஒரு கொட்டகை போதும். மாநகராட்சிப் பொறுப்பில் ஆளில்லாமல் இருக்கும் கூடம் எதையாவது காலை ஐந்திலிருந்து எட்டு வரையும் மாலையில் இரண்டு மணி நேரமும் விட்டால் மின்கட்டணத்தை நாங்களே கட்டுவோம். பெருக்கிச் சுத்தமாகவும் வைத்திருப்போம்.

அதிகாரிகளோ அந்தக் கட்டுரையை எழுதியவரோ நேரில் பார்க்க விரும்பினால், ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம். ஐந்து மணிக்குத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.