ஏற்காட்டுப் பாதையில் கல்லுக்கும் ஒரு பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்கை நடைபாதை என்றாலே மரத்துக்கும் பறவைக்கும் பலகை வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, அவையும் வேண்டும். ஆனால் ஏற்காடு மலையில் நடக்கிறவர்கள் மிதித்துக்கொண்டே போகிற பாறை அந்தக் காட்டைவிட, அந்தப் பறவை இனங்களைவிட எவ்வளவோ மூத்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்க ஆளில்லை. யாரைக் கேட்டாலும் "கருங்கல்" என்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் "கிரானைட்" என்பார்கள். கடையில் பளபளப்பாக்கி விற்கும் எல்லாக் கல்லுக்கும் கிரானைட் என்றுதான் பெயர், கருப்பு கிரானைட் என்று வாங்குவது பெரும்பாலும் டோலரைட், கேப்ரோ என்ற வேறு வகைக் கல்தான், அது வியாபாரப் பெயர். மலையில் இருப்பதை அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஏற்காட்டு மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகு வெளியே வந்தது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்தப் பாறைக்குப் பெயர் வந்ததே தமிழ்நாட்டுக் கல்லால்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது, அதே வகைப் பாறையைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தச் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நிலவியல் (ஜியாலஜி) படிப்பவர்கள் இந்தப் பெயரைப் படிக்கிறார்கள், சேலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை.

இதை எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் சிக்கல். வெயிலும் மழையும் பட்ட மேல்பரப்பு பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் சாம்பல், வெளிர்பச்சை, ஆரஞ்சு நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பது கல்லே அல்ல, நாம் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசியின் உறவுக்கூட்டம். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு இது வேறு கல், அது வேறு கல் என்று பிரித்தால் எல்லாமே தப்பாகத்தான் வரும். சாலைக்காக வெட்டிய இடத்தில், புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்போடு, பச்சை கலந்த கருஞ்சாம்பலாக இருக்கும், அதுதான் சார்னோகைட். அடிவாரப் பக்கம் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடினால் அது 'நைஸ்' (gneiss) என்ற வகைப் பாறை. நடுவில் பால்போல வெள்ளையாக ஒரு பட்டை குறுக்கே போனால் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். இரும்பு ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழாது, அதே கல்லால் கண்ணாடியைக் கீறினால் கோடு விழும். மினுமினுவென்று ஏடு ஏடாக உரிந்து வந்தால் காக்காப்பொன், அதாவது மைக்கா.

மேலே போகப் போக, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிச் சமவெளிப் பக்கம் கதை மாறுகிறது. அங்கே செம்பழுப்பாக, கையில் எடுத்தால் கனமே இல்லாததுபோல, சில இடத்தில் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் ஒட்டிய கல் கிடக்கும். பாக்சைட். மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் வெட்டிக்கொண்டு போனார்கள். இது வேறெங்கிருந்தோ வந்த கல் இல்லை, கீழே சாலையோரம் பார்த்த அதே சார்னோகைட்தான், காலங்காலமாக மழையில் ஊறி, மணற்சத்து கரைந்து போய், அலுமினியச் சத்து தங்கிவிட்டது. அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரை நடந்தால் மூலப் பாறையையும் அது மக்கிப்போன கோலத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரு பாறை என்ன ஆகிறது என்பதை இதைவிடத் தெளிவாகப் பாடப்புத்தகத்தில் காட்ட முடியாது.

சேலத்தைச் சுற்றி இன்னும் இருக்கிறது. மலைக்கு வரும் வழியிலேயே வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் படுகைகள். பார்க்கச் சுண்ணாம்புக்கல் மாதிரிதான் இருக்கும். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் சுண்ணாம்புக்கல் லேசாக நுரைக்கும், மேக்னசைட் சும்மா இருக்கும். கஞ்சமலைக் கல்லில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுத்துவிடும். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலையில் உள்ள அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தான் சந்திரயான்-2 சோதனைக்காக இஸ்ரோ நிலவு மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரித்தது. ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு பலகை இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வெறும் பெயர்ப்பலகை மட்டும் வைத்தாலும் போதாது. மேல்பரப்பு ஏமாற்றும் என்று சொன்னேன் அல்லவா, உள்முகம் தெரிய வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், காப்புக்காட்டில் கல்லை உடைப்பதும் எடுத்துப்போவதும் சட்டப்படி குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சுத்தியலோடு பள்ளிப் பிள்ளைகளை மலையில் விடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் நான் கேட்பது இதுதான்: ஏற்கெனவே அனுமதியோடு நடக்கிற குவாரிகளில் கழிவாகக் கிடக்கும் கல்லில் வகைக்கு ஒன்றாக, முழங்கால் உயரத் துண்டுகளைக் கொண்டுவந்து அடிவாரத்தில் நடைபாதை தொடங்கும் இடத்தில் வரிசையாக நடுங்கள். ஒரு பக்கத்தை அறுத்து மெருகேற்றுங்கள், மறுபக்கத்தை வெயில் மழை பட்டபடியே விடுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், ஆணியால் கீறிப் பார்க்கட்டும், சங்கிலியில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். அப்புறம் மலை ஏறும்போது எதையும் உடைக்காமலே அவர்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்.

பலகையில் ஊரில் வழங்கும் பெயரும் நிலவியல் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும், வெங்கச்சங்கல் என்றால் இங்கே பாட்டிகளுக்கும் தெரியும். எழுதிக் கொடுக்க ஆளைத் தேட வேண்டியதில்லை, பெரியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் இந்தப் படிப்பே இருக்கிறது. வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினால் போதும், அடுத்த கோடை விழாவுக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு வாசகர்