எங்கேயும் போகாத அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள பெர்த் அண்ணன், கனடா தம்பி, ஆக்லாந்து ஆண்டி, இரண்டு மெல்பர்ன் குடும்பங்கள், அப்புறம் எங்கேயும் போகாத அக்கா,

ஆஸ்திரேலியா விசா வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் நம் விசா புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேன்டீனில் சோற்றில் கை வைத்த நேரம் என் கணவரிடமிருந்து போன். "வந்துடுச்சு" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்த் தோழி என் முகத்தைப் பார்த்து ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துவிட்டாள். என் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல செய்திதான் என்று அவளுக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது.

என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். நெஞ்சில் தழும்பு தெரிந்த அந்த எக்ஸ்ரே, காசநோயா என்று பார்க்கச் சளி கொடுத்த அந்த மூன்று காலை, அப்புறம் முடிவுக்குக் காத்திருந்த அந்த எட்டு வாரம். அவர் வேலையை விட்டாகிவிட்டது, வீட்டுக்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அதையெல்லாம் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. சின்ன வயதில் எப்போதோ வந்து தானாக ஆறிப்போன பழைய தழும்புதான், வேறொன்றும் இல்லை. அது தெரிந்தது போதும்.

முதலில் கடன்களைத் தீர்த்துவிடுகிறேன். பெர்த் அண்ணனுக்கு, நம் மலேசியப் பெயர்களில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று வரும் ஏ/எல், ஏ/பி விவகாரத்துக்காக. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அங்கே போனால் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவர் பெயர். நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாரத்திலும் நான் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருப்பதை அண்ணன் கண்டுபிடித்த பிறகு சிரிப்பு போய்விட்டது. நன்னடத்தைச் சான்றிதழுக்காக ராத்திரி பதினொரு மணி வரை போனில் இருந்து, எங்கே எதை அழுத்த வேண்டும் என்று சொன்ன கனடா தம்பிக்கு நன்றி. வாரம் இரண்டு தடவை என்னை ஆங்கிலத்தில் பேசவைத்து, நான் பேசியதற்காகத் தமிழில் திட்டிய ஆக்லாந்து ஆண்டிக்கும். குடியுரிமையை விடாமல் இபிஎஃப் ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்தை இப்போதே முழுதாக எடுக்க முடியுமா என்று மூன்று நாள் சண்டை போட்ட மெல்பர்ன்காரர்களுக்கும். முடியாது என்று மூன்றாம் நாள்தான் தெளிவானது, ஆனாலும் அந்தச் சண்டையில் எனக்கு நன்றாகப் பொழுது போனது. காரணம் கேட்காமல் லீவு கொடுத்த சூப்பர்வைசருக்கும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சோறு போட்ட எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி அக்காவைப் பற்றி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் புலனக் குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, போகப்போகிற ஊர்தான் பெயர். நான் 'அடிலெய்டு'. அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. 491 என்ற பிராந்திய விசாவுக்கு 15 புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஊர் அது, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊராகத்தான் இருந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் புள்ளி முறையில் போகிறவர்களுக்கு 45ஆவது பிறந்தநாள் வருவதற்குள் அழைப்பு வந்துவிட வேண்டும். அக்காவுக்கு அழைப்பு வரவில்லை, பிறந்தநாள் வந்துவிட்டது. அவர் குழுவை விட்டுப் போகவில்லை, போகச் சொல்ல யாருக்கும் மனசும் வரவில்லை. "நான் எங்கேயும் போகாதவ, என்னை அப்படியே கூப்பிடுங்க" என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

எதிர்க்கரையில் பாகானில் வீடு, பினாங்குத் தீவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர். பாலத்தில் வரலாமே என்றால், "கால் மணி நேரம் யாரும் என்னை வேலை வாங்காத இடம் அது ஒண்ணுதான்" என்பார். பினாங்கில் காலை ஏழு மணிக்கும் இருட்டு முழுதாக விலகியிருக்காது. அந்த நேரத்தில் ஃபெரியிலிருந்து ஒரு குரல் பதிவு குழுவுக்கு வரும். இன்ஜின் சத்தம், காற்று, பின்னால் யாரோ மலாயில் போன் பேசுவது, நடுவில் அக்கா: "கடல் இன்னைக்குக் கலங்கியிருக்கு. நேத்து வெச்ச புளிக்குழம்பு இன்னைக்குத்தான் நல்லா இருக்கு. பசியாறியாச்சா எல்லாரும்?"

போன வருஷம் நான் குழுவில் எழுதியது சிலருக்கு நினைவிருக்கும். 'இது விசா விஷயம் பேசுகிற இடம். குழம்பு, ஃபெரி, மழையெல்லாம் வேண்டாமே, முக்கியமான தகவல் மேலே போய்விடுகிறது.' நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அக்கா 'சரி தங்கச்சி' என்று மட்டும் எழுதினார். மறுநாளிலிருந்து ஃபெரி சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, குழு சுத்தமானதாகத்தான் தோன்றியது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

எக்ஸ்ரே விஷயம் தெரிந்த மறுநாள் காலை எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. பதினாலு விநாடி. "தங்கச்சி, ஃபெரி கிளம்பிடுச்சு. கடல் அமைதியா இருக்கு. பசியாறிட்டு வேலைக்குப் போங்க." அவ்வளவுதான். எக்ஸ்ரே என்ற வார்த்தையே அதில் இல்லை.

அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும். எட்டு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் தப்பவில்லை. இதில் என்ன பெரிய உதவி என்று கேட்பவர்கள், விசாவுக்குக் காத்திருந்ததில்லை என்று அர்த்தம். அந்த எட்டு வாரமும் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். கல்யாண வீட்டில் "வந்துச்சா?", கோயிலில் "வந்துச்சா?", மீன் வெட்டுகிறவர்கூட "இன்னும் வரலையா?" அன்பாகத்தான் கேட்டார்கள், தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று நான்தானே சொல்ல வேண்டியிருந்தது. பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் என்னிடம் பேசியவர் அக்கா ஒருவர்தான். ஒரு நாள் இரண்டு தூண்டில்காரர்கள் சண்டை போட்டதைச் சொன்னார். ஒரு நாள் ஒன்றுமே பேசவில்லை, ஃபெரி கரை தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அதை நான் இரண்டு முறை கேட்டேன்.

மூன்று நாள் தொடர்ந்து காலையில் பசியாறாமல் போய்ச் சளி கொடுக்க வேண்டியிருந்தது அல்லவா, புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை நாங்கள் கிளினிக்கிலிருந்து வெளியே வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். தலையில் ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பையிலிருந்து இரண்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "பசியாறுங்க. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு." ஸ்டார்ட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

காருக்குள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பார்த்தேன். ஒன்றின் தாள்மேல் பேனாவால் 'சை' என்று எழுதியிருந்தது. எண்ணெய் பட்டு எழுத்து கொஞ்சம் ஊறியிருந்தது. அதில் நெத்திலி இல்லை, முட்டை இல்லை. பாகானில் ஏதோ சீனர் சைவக் கடையில் தனியாக வாங்கியிருக்கிறார். என் கணவர் வெள்ளிக்கிழமை சைவம் என்று அக்காவுக்கு நான் எப்போது சொன்னேன்? குழுவின் பழைய பேச்சையெல்லாம் பின்னால் தள்ளித் தேடினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 'இன்னைக்கு வெள்ளி, வீட்டில் மீன் கிடையாது' என்று நானே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதுவும் முக்கியமான எந்தத் தகவலுக்கோ நடுவில் வந்த வெட்டிப் பேச்சுதான். ஆக, குழம்புக் கதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஜெரெஜாக் தீவு தெரியும், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் பச்சையாகக் கிடக்கும். பன்னிரண்டு வருஷமாக அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன், ஆனால் இந்த எட்டு வாரத்தில்தான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அவரை நேரே பினாங்கில் இறங்க விடவில்லை. ஜெரெஜாக்கில் இறக்கி, நோய்நொடி இருக்கிறதா என்று பார்த்து, நாள் கணக்கில் வைத்திருந்துதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பின்னாளில் காசநோய் ஆஸ்பத்திரியும் அதே தீவில்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்குத் தீபாவளி தவறாமல் ஒரு கிழவர் வருவார், ரஜூலா தாத்தா என்போம். சொந்தம் இல்லை, ஒரே ஊரும் இல்லை. ஜெரெஜாக்கில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய், அவ்வளவுதான். அங்கே அப்படி என்னதான் பேசினீர்கள் என்று அப்பா ஒரு தடவை கேட்டாராம். "என்னத்தப் பேச? சோறு வெந்திருக்கா இல்லையான்னு பேசுனோம்" என்றாராம் கிழவர்.

எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்து பயந்துகொண்டிருக்கிறவர்கள் குழுவில் இப்போது இரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. யார் என்று கேட்க மாட்டேன். 815 என்று ஒரு பாரத்தில் கையெழுத்துக் கேட்டால் கலங்க வேண்டாம். அங்கே போய் இறங்கி 28 நாளுக்குள் தொடர்புகொண்டு, டாக்டரைப் பார்க்க வருகிறோம் என்று ஒப்புக்கொள்வதுதான் அது. நாங்களும் போட்டிருக்கிறோம்.

விசா கிடைத்தவர்கள் ஒரு மாதத்தில் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. நான் போவதாக இல்லை. அடிலெய்டில் டிராம் ஓடுகிறதாம். அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்க விருப்பம் உள்ளவர்கள் கேட்கலாம், முக்கியமான தகவல் மேலே போனால் போகட்டும்.

அக்கா, உங்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை ஓர் இலைகூட விடமாட்டார்கள். எங்கள் பிளாட் நடைபாதையில் ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி தொட்டியில் நிற்கிறது. அம்மா வைத்தது. யார் யாரோ கேட்டார்கள், கொடுக்கவில்லை. மோட்டாரில் நீங்கள் ஏற்ற முடியாது, தொட்டி கனம். ஞாயிற்றுக்கிழமை காலை நானே ஃபெரியில் கொண்டு வருகிறேன். பசியாறாமல்தான் வருவேன்.

அன்புடன்,
அடிலெய்டு