முதலாம் வருடத்திலேயே அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து காட்டுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதலாம் வருட மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

வணக்கம். நானும் உயிரியல் படித்து வெளியேறியவள்தான். இப்போது களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். இறுதி வருட ஆய்வு தொடங்கும் மாதங்களில் பிள்ளைகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். கணினியில் தரவைக் கையாள முதலாம் வருடத்திலேயே படிப்பியுங்கள் என்று கேட்கும் இந்த மடல் அவர்களுக்காகத்தான்.

போன வருடம் படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோய் வைரஸ் பற்றிய ஆய்வு. பொதுத் தரவுத்தளத்திலிருந்து மரபணு வரிசைகளை ஒரே கோப்பாக இறக்கி வைத்திருந்தாள். மொத்தம் எத்தனை வரிசை என்று கேட்டேன். ஒரு கொப்பியை விரித்துக் காட்டினாள். திரையை உருட்டி உருட்டி, ஐந்தைந்தாகக் கோடு கீறி எண்ணியிருக்கிறாள். இரண்டு இரவு வேலை. முதல் தடவை 409, அடுத்த தடவை 412.

அந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு வரிசையின் தலைப்பும் > என்ற குறியோடு தொடங்கும். அந்தக் குறியுள்ள வரிகளை எண்ணினால் கணக்குச் சரி. டேர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் அந்தக் கறுப்புத் திரையில், அதற்குக் 'கிரெப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது; 1970களில் யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த பழைய சாமான். ஒரே வரி எழுதினோம். என்டரிலிருந்து விரலை எடுக்கமுன் 412 என்று விழுந்தது. பிள்ளையின் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. "இதை ஏன் அக்கா எங்களுக்கு முதலே சொல்லித் தரவில்லை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வருகிறேன்.

அந்த ஒரு வரியிலேயே ஒரு குழியும் இருக்கிறது. > குறியை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். போடாவிட்டால், 'விடையை இந்தக் கோப்பில் எழுது' என்று கணினி விளங்கிக்கொள்ளும். எழுதுவதற்கு முன் கோப்பை வெறுமையாக்கிவிடும். என்னுடைய இறுதி வருடத்தில் எனக்கு அதுதான் நடந்தது. பல வாரமாகத் திருத்திச் சேர்த்த கோப்பு, பூச்சியம் பைட். பிரதியும் இல்லை. மூலத் தரவை வேறொரு போல்டரில் 'வாசிக்க மட்டும்' என்று பூட்டி வைத்துவிட்டு, பிரதியில்தான் கை வைக்க வேண்டும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நுணுக்குக்காட்டியை எப்படித் தூக்குவது, எந்த வில்லையில் தொடங்குவது என்று முதல் பிரக்டிகலிலேயே காட்டித் தருகிறீர்கள். தரவுக்கும் அப்படி ஒரு முதல் நாள் வேண்டும்.

எக்செல் இருக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். இருக்கட்டும், நானும் பாவிக்கிறேன். ஆனால் மார்ச்1, செப்ட்2 என்று பெயர் கொண்ட மனித மரபணுக்களை அது திகதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாக 2016 இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020 இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்.

கம்பியூட்டர் பாடம் தனியாக இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. நான் படித்தபோதும் இருந்தது. சம்பளக் கணக்கும் வட்டத்தின் பரப்பளவும் கண்டுபிடிக்கும் நிரல்களை எழுதினோம், பரீட்சையோடு மறந்தோம். உயர்தரத்தில் கணிதத்துக்குப் பயந்து பயோ எடுத்த பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். அவர்களுக்கு இது இன்னொரு கணிதப் பாடமாகத் தெரிந்தால் கதவு அன்றைக்கே மூடிவிடும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், கணினித் துறையிடம் கேட்கவில்லை.

மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லடி, வலையிறவு, முகத்துவாரம் என்று மூன்று இடத்தில் மாதாமாதம் உப்புத்தன்மை அளந்தால் வருட முடிவில் 36 கோப்புகள் சேரும். ஒவ்வொன்றாகத் திறந்து சராசரி எடுக்கலாம். இல்லையென்றால், 'இந்தப் போல்டரில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் இதைச் செய்' என்று ஒரு சுழற்சியை மூன்று நான்கு வரியில் எழுதலாம். மாரி மழையில் உப்பு இறங்குவதைத் தன் கையால் வரைபாக எடுத்துப் பார்க்கிற பிள்ளை, இதைக் கம்பியூட்டர் பாடம் என்று நினைக்காது.

எங்கே தொடங்குவது? போல்டரில். ஃபோனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பது உண்மையிலேயே தெரியாது. அவர்களில் பிழை இல்லை, ஃபோன் அதைக் காட்டுவதில்லை. கோப்புப் பெயரில் இடைவெளி விடாமல் எழுதுவது, இருக்கும் இடத்தை அறிவது, நகர்வது, பிரதி எடுப்பது. இதற்கே இரண்டு வாரம் கொடுங்கள். அப்புறம் எண்ணுவது, தேடுவது, சுழற்சி. நிரல் மொழி கடைசியில் வரட்டும். என்னைக் கேட்டால் ஆர், புள்ளிவிபரத்துக்கென்றே உருவானது. பைத்தன் தெரிந்தவர் இருந்தால் பைத்தனே போதும்.

கணினிகள் பழையவை என்று கவலைப்பட வேண்டாம். டெங்கு வைரசின் முழு மரபணுத்தொகுதியும் ஏறத்தாழ 10,700 எழுத்துதான். ஃபோனில் எடுக்கும் ஒரு படத்தை விடச் சிறிய கோப்பு. விண்டோஸிலும் கிட் பாஷ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இந்தக் கட்டளைகள் ஓடும். ஆய்வாளர்களுக்குக் கணினித் திறன் கற்பிக்கும் சொஃப்ட்வெயார் கார்பென்ட்ரியின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, நமக்கு ஏற்றபடி மாற்றவும் அனுமதி உண்டு.

ஒன்றே ஒன்றைக் கட்டாயம் தமிழில் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் தடுமாறுகிற அதே மாதங்களில்தான் இதுவும் வரும். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று திரை ஆங்கிலத்தில் சொன்னதும், கணினியை உடைத்துவிட்டோம் என்று கையை இழுத்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது வேறு போல்டரில் நிற்பார்கள். உங்களில் சிலருக்கும் இது புதிது என்று தெரியும். பரவாயில்லை, பிள்ளைகளுக்கு முன்னாலேயே தட்டச்சு செய்யுங்கள், பிழைத்தால் அவர்களுக்கு முன்னாலேயே திருத்துங்கள். செய்தியை வாசித்து இடத்தைத் தேடிப் பிடிப்பதை அவர்கள் அப்போதுதான் பார்ப்பார்கள்.

புதிய தொகுதி வந்ததும் பிரக்டிகல் அட்டவணையில் வாரம் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கித் தாருங்கள். பயிற்சிக் கோப்புகளைத் தமிழ்க் குறிப்போடு நான் தயாரித்து வைத்திருக்கிறேன், அப்படியே தருகிறேன். சனிக்கிழமைதான் லாப் கிடைக்கும் என்றாலும் சரி, காலை பஸ்ஸில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து உங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி