ரொட்டி காத்த 'லார்ட்'

ஆசிரியருக்கு,

நீதிபதிகளை 'மை லார்ட்' என்று அழைப்பது பற்றிய கட்டுரை படித்தேன். இந்த வழக்கம் வேண்டாம் என்று இந்திய பார் கவுன்சில் 2006இலேயே சொல்லிவிட்டது. சரி, அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்தது அடுப்படியில் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதன் வாரிசு. 'வெயர்ட்' என்றால் காவலர். இரண்டும் சேர்ந்த 'ஹ்லாஃப்வெயர்ட்' தேய்ந்து 'ஹ்லாஃபோர்ட்' ஆகி, கடைசியில் 'லார்ட்' ஆனது. வீட்டு ரொட்டிக்குக் காவல், அவ்வளவுதான் உத்தியோகம். 'லேடி' பாவம், அவரைவிட உழைப்பாளி: ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்று பொருள். வேலையாளுக்கோ 'ரொட்டி தின்பவன்' என்றே பெயர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட மன்னர் எதெல்பெர்ட்டின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில், ஒரு குடியானவனின் 'ரொட்டி தின்பவனை'க் கொன்றால் 6 ஷில்லிங் அபராதம் என்று இருக்கிறது.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுப் பட்டங்கள் எத்தனையோ வந்து சேர்ந்தன. 'லார்ட்' மட்டும் அசையவில்லை. ஆங்கில பைபிளில் கர்த்தருக்கும் அதே சொல்தான்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்