மின்எஸ்டிகே எண்ணை உயர்த்துவதற்கு முன்

மொபைல் செயலி எழுதும் குழுக்களுக்கும், எந்த ஓஎஸ் (இயங்குதளப் பதிப்பு) வரை ஆதரிப்பது என்று முடிவெடுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பழைய ஓஎஸ்ஸைக் கைவிடும் முடிவு எவ்வளவு சாதாரணமாக எடுக்கப்படுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். யாரோ ஒரு புதிய வசதியைச் சேர்க்கிறார். இதற்கு இன்ன ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் எண்) வேண்டும் என்று நிரலில் தவறு சுட்டும் கருவியான லின்ட் சிவப்புக் கோடு போடுகிறது. செயலியை நிறுவக்கூடிய ஆகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பைச் சொல்வது மின்எஸ்டிகே எண். அதைக் கொஞ்சம் ஏற்றினால் கோடு மறைந்துவிடும். ஏற்றிவிடுகிறார்கள். அந்த வசதியை ஒருநாளும் தொடப்போகாதவர்களுக்கும் சேர்த்து முழுச் செயலியும் அங்கே மூடப்படுகிறது.

ஒரு வசதி பழைய போனில் ஓடாது என்றால் அந்த வசதியை மட்டும் மறையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அதற்கான வழி மொழியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் போனின் பதிப்பைச் சொல்லும் எஸ்டிகே எண்ணைக் கேட்கும் ஓர் இஃப் நிபந்தனை போதும். ஐஓஎஸ்ஸில், ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்டில், 2015இல் வந்த ஸ்விஃப்ட் 2 முதலே 'அவெய்லபிள்' சோதனை உண்டு. அதை மறந்தால் கம்பைலரே விடாது. பல இடங்களில் அந்த இஃப்கூட நீங்கள் எழுத வேண்டியதில்லை. படம் தேர்ந்தெடுக்கும் திரையான போட்டோ பிக்கர் 2022இல் ஆண்ட்ராய்டு 13உடன் வந்தது. கூகுளின் ஆண்ட்ராய்டுஎக்ஸ் நூலகம் (தயார் நிரல் தொகுப்பு) வழியாக அதை அழைத்தால், பிக்கர் இல்லாத போனில் பழைய கோப்புத் தேர்வுத் திரை தானாகத் திறக்கும். ஜாவாவின் புதிய தேதி, நேர வகுப்புகள் ஆண்ட்ராய்டு 8இல்தான் வந்தன, ஆனால் புதிய வகுப்புகளைப் பழைய பதிப்புக்கும் கொண்டுசெல்லும் டீஷுகரிங் வசதியை இயக்கினால் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் வேலை செய்யும். அறிவிப்புகளை வகை பிரிக்கும் நோட்டிஃபிகேஷன் சேனலும் அதே 8இல் வந்ததுதான். பழைய பதிப்புகளுக்கும் பொருந்தும் கம்பாட் நூலகம் வழியாக உருவாக்கினால் பழைய போனில் அது சத்தமில்லாமல் எதுவும் செய்யாமல் விட்டுவிடும்.

அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: "கூகுள் பிளேதான் உயர்த்தச் சொல்கிறது." இல்லை. அது உயர்த்தச் சொல்வது டார்கெட்எஸ்டிகே எண்ணை. எந்தப் புதிய பதிப்பின் விதிகளுக்கு உட்பட்டு உங்கள் செயலி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. எந்தப் பழைய பதிப்பு வரை நிறுவலாம் என்பது வேறு எண், அது உங்கள் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட கூட்டங்களில் உட்கார்ந்து அலுத்துவிட்டது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நீங்கள் நம்பியிருக்கும் நூலகங்களே தங்கள் குறைந்தபட்சத்தை ஏற்றினால் நீங்களும் ஏற்றத்தான் வேண்டும். பணம் கையாளும் செயலிக்குப் பாதுகாப்புக் காரணமும் இருக்கலாம். ஆனால் பாதுகாப்பு என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஆப்பிள் ஐஓஎஸ் 12.5.7 என்ற பாதுகாப்பு அப்டேட்டைத் தந்தது. இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் இன்னும் மெனக்கெட்டது. மற்ற சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருக்கும் அவர்களுடைய புதிய ரூட் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்கள் அறியாது. 2021இல் பழைய ரூட் காலாவதியாகும்போது அந்தப் போன்களில் எத்தனையோ தளங்கள் திறக்காமல் போயிருக்கும். நம்பிக்கைப் பட்டியலில் உள்ள ரூட்டின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி, பழைய ரூட்டின் கையொப்பத்தைப் புதியதன் மேல் வாங்கி, மேலும் மூன்று ஆண்டுக்கு வழி செய்தார்கள். இவ்வளவு தூரம் போகச் சொல்லி நான் கேட்கவில்லை.

அப்புறம், இஃப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அந்த இஃப்பின் மறுபக்கமான எல்ஸை, அதாவது பழைய போனில் ஓடும் பகுதியை, யாருமே ஓட்டிப் பார்ப்பதில்லை. எல்லோர் மேசையிலும் புதிய போன்தான். ஆதரிப்பதாகச் சொல்லும் ஆகப் பழைய பதிப்பில் ஓர் எமுலேட்டரை (கணினியில் ஓடும் மாதிரிப் போனை) வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் முக்கியமான திரைகளையாவது திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் அழுத்தினால் ஒன்றும் நடக்காத பட்டன்கள்தான் மிஞ்சும். அதற்கு அந்தப் பட்டன் இல்லாமலே இருக்கலாம். கைரேகை போன்றவற்றுக்கு ஓஎஸ் எண்ணைப் பார்க்கவே கூடாது. புத்தம்புது ஓஎஸ் உள்ள போனிலும் சென்சார் இல்லாமல் இருக்கலாம். வசதி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்.

கைவிட்டே ஆக வேண்டிய நாள் வந்தால், தயவுசெய்து அந்த ஒரு திரையை மட்டும் காட்டாதீர்கள். "புதிய பதிப்புக்கு மாறவும்" என்று செயலி வழிமறிக்கும். அழுத்தினால் ஸ்டோருக்குப் போகும். இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று ஸ்டோர் சொல்லும். போனுக்கு ஓஎஸ் அப்டேட்டை நிறுத்தியது தயாரித்த நிறுவனம். கையில் வைத்திருப்பவர் எதை மாற்றுவார்? அவருடைய படங்களும் கணக்குகளும் அந்தத் திரைக்குப் பின்னால் சிக்கிக் கிடக்கின்றன. ஐபோனில் முன்பே செயலியை இறக்கியவர்களுக்கு, அவர்கள் ஓஎஸ்ஸுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை ஆப் ஸ்டோர் தருகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் சர்வரை நீங்கள் அணைத்துவிட்டால் அதனால் என்ன பயன்? முன்கூட்டியே தேதி சொல்லுங்கள், தரவை வெளியே எடுக்க வழி வையுங்கள், பழைய பதிப்பு சர்வருடன் பேசும் ஏபிஐயைச் சில காலமாவது ஓட விடுங்கள்.

இப்போதைக்கு ஒரு சின்ன நடைமுறையை ஏற்றுக்கொண்டால் போதும். மின்எஸ்டிகே எண்ணையோ, ஐஓஎஸ்ஸில் அதற்கு இணையான டெப்ளாய்மென்ட் டார்கெட்டையோ மாற்றும் எந்த கமிட்டும் (நிரல் மாற்றமும்), எந்த ஏபிஐ அழைப்புக்காக மாற்றுகிறோம், மாற்று வழி ஏன் இல்லை, இப்போது பயன்படுத்துவோரில் எத்தனை பேர் வெளியே போவார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் ரிவ்யூவைத் தாண்டக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் செயலிகளைப் பழைய போனில் ஓட்டிப் பார்க்கும் ஒருவன்