பெயர் கேட்டுக்கொள்ளாத அந்த ஜாஸ் ரசிகருக்கு

ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த உங்களுக்குத்தான் இந்த நன்றி. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு எனக்குப் பிடிபடவே இல்லை என்று சொன்னதும், "டிரம்பெட்டை விடுங்க, பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்று, ஆழ்ந்த குரலில் ஒலிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தைக் கேட்கச் சொல்லி, உங்கள் ஹெட்போனையே கழற்றிக் கொடுத்தீர்கள்.

1959-இல் வந்த இசைத்தட்டு அது. அதன் முதல் பாட்டான 'ஸோ வாட்'டில் மெட்டைச் சொல்வதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான். அது ஒரு வரி சொல்ல, முதலில் பில் எவன்ஸின் பியானோ பதில் சொல்கிறது. அப்புறம் சாக்ஸபோன்களும் டிரம்பெட்டும் சேர்ந்துகொள்கின்றன. நீங்கள் விரலால் தட்டிக் காட்டிய பிறகு அந்தப் பேச்சுவார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் பென்சிலில் ஏதாவது வரையும்போதும் ஜாஸ்தான். மாலை நடைக்கு அதே ஆண்டு வந்த டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்'. சுற்றுக்கு ஐந்து தட்டு என்பதால் முதல் தட்டு ஒரு முறை இடது காலில் விழுந்தால் அடுத்த முறை வலது காலில் விழும். அவ்வளவு சந்தோஷம் அதில்!

இறங்கும் அவசரத்தில் பில் எவன்ஸின் மூவர் குழுவையும் சொன்னீர்களே, 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் பதிவானவை, அவற்றையும் கேட்டுவிட்டேன். ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பியானோவுக்குப் பின்னால் நிற்பதே இல்லை, சரிசமமாகப் பேசுகிறது. அந்தப் பதிவு முடிந்த சில நாட்களிலேயே அவர் விபத்தில் இறந்துவிட்டார் என்பதுதான் தாங்கவில்லை.

முன்பின் தெரியாதவருக்கு இவ்வளவு பொறுமையாகக் கேட்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். மனமார்ந்த நன்றி.